நாலாவது ஏடு

ஞாயிறு மத்தியானம் பெருமாநல்லூர் ரோட்டில்
கட்டிங் ஹால் எங்களுக்கு.
இருபது மீட்டர் மேசை. காற்றாடிக்குப் பறக்காமல்
தாள்மேல் துணி அமுக்கும் இரும்புக் கட்டி.

ரெக்கார்டர் என்றால் பதிவு செய்கிற பெட்டி இல்லைங்க.
எட்டுத் துளைக் குழல், நாலு உயரத்தில் நாலு.
செக்கிங் ரோசலினுக்குச் சின்னது,
டையிங் மாஸ்டர் பொங்கியண்ணனுக்கு அடுத்தது,
சம்சாத்துக்கு அதற்கும் கீழே.
அடிக்குரல் எனக்கு. கணக்கு எழுதுகிறவனுக்கு
வேறென்ன கிடைக்கும்.

நானூற்றைம்பது வருசத்துப் பழைய சங்கதி.
முழுப்பாட்டு ஒரே தாளில் இருக்காது,
அவரவர் குரல் அவரவர் ஏட்டில்.
காலர் தைப்பவள் சட்டையைப் பார்க்கிறாளா?
எந்தக் கருவிக்கு என்றும் போடவில்லை.
ஊதலாம், மீட்டலாம், வில்லால் இழுக்கலாம்,
உங்கள் பாடு.

முதலில் பவான். இரண்டிரண்டாய் அடிவைத்து
ஒறம்பரை சீர்த்தட்டு ஏந்தி வருகிற நடை.
அதே மெட்டு மூன்றாய் உடைந்தால் கல்யார்ட்,
தட்டை இறக்கிய கையோடு
குதிக்கிறது.
ரோசலின் செருப்பைக் கழற்றி அக்கட்ட வீசினாள்.

அப்புறம் ரிச்சர்கார். தேடல் என்று அர்த்தமாம்.
ஒருத்தர் ஒரு சொல்லோடு தேடப் போவார்,
கொஞ்சம் கழித்து இன்னொருத்தர்
அதே சொல்லோடு, வேறு வாசலில்.
மூன்றாவதாக நுழைய வேண்டியவள் சம்சாத்.

சம்சாத் வரவில்லை.
ஹாம்பர்க் ஆர்டர், செவ்வாய் கப்பல்,
ஞாயிறும் ஷிப்ட்.

நடுக்குரலைக் கேட்டதாக எனக்கு ஒருநாளும் ஞாபகமில்லை.
இன்றைக்கு அவள் ஊதாத இடமெல்லாம்
காதில் விழுகிறது.
இரண்டு முறை தொடங்கினோம், இரண்டு முறை
கை தைக்காத சட்டை.

நாலு மணிக்குப் போன்.
'ஏனுங்க, டீ டைம். பன்னெண்டு நிமிசம் இருக்குது.'
சோற்றுப் பையில் குழல் கொண்டுபோயிருக்கிறாள்,
பண்டல் அடுக்கிய ரூமுக்குள் நிற்கிறாள்.
ஸ்பீக்கரைப் போட்டு
போனை இரும்புக் கட்டியில் சாய்த்தோம்.

அவள் ஊதியது அரை மாத்திரை பிந்தி வந்தது.
அவளுக்காக நாங்கள் தயங்க,
எங்களுக்காக அவள் தயங்க,
தேடல் மாட்டுவண்டி வேகத்துக்கு இறங்கியது.
'நிறுத்தாதீங்க' என்று ரோசலின் கண்ணால் சொன்னாள்.
பிந்தி நுழைவதுதானே இதில் சட்டமே.

அங்கே மணி அடித்தது. லைன் போனது.
சம்சாத்தின் ஏட்டில் மிச்சம் பதினொரு சுரம்.

பொங்கியண்ணன் தன் குழலை மேசையில் வைத்துவிட்டு
அந்த ஏட்டைப் பக்கத்தில் இழுத்து
பதினொன்றையும் வாயால் முனகினார்,
சாயப்புகை ஏறிய தொண்டையில்,
சுதி கொஞ்சம் தப்பி.

எந்தக் கருவிக்கு என்றுதான் போடவில்லையே.