அரசங்கன்று

மழை விட்ட மறுநாள்
துலாலி பாவுரி சாரம் ஏறுகிறாள்.
பாங்குராவின் சுடுமண் கோயில்.
உள்ளே கண்ணன் இல்லை,
ராதையோடு ஊருக்குள் குடிபோய்
நூறு வருடமாகிறது.
வெளிச்சுவரில் மட்டும்
ராசலீலை ஓயவில்லை.

மைனா எச்சமிட்ட விதை
குழலூதுகிறவன் விலாவில் முளைத்திருக்கிறது.
இழுத்தால் கையும் குழலும் சேர்ந்து வரும்.
போன வருடம் அப்படித்தான்
ஒரு கோபியின் முகம் போயிற்று;
பதிவேட்டில் 'சேதம்: ஒன்று' என்று எழுதினேன்.

இந்த முறை உளியைத் தொடவில்லை அவள்.
கொண்டை ஊசியால் சுரண்டிச் சுரண்டி
பொழுது சாயும்வரை
ஒரே கன்று.
"இதுக்குமா ஒரு நாள் கூலி?"
என்கிறார் மேற்பார்வையாளர்.

இறங்குகிறாள்.
முந்தானை முடிச்சிலிருந்து
இரண்டு இலைகள் எட்டிப் பார்க்கின்றன.
எங்கே நடப்போகிறாய் என்று
நான் கேட்கவில்லை.

முழு நாள்
என்று எழுதினேன்.