கொருக்குப்பேட்டை கேட்டில் எழுதியவை

ஒரு பக்கம் முப்பத்தைந்து ரூபாய்.
பழைய நோட்டு, கோழிக்கிறுக்கல் என்றால் நாற்பது.
மூப்பர் தேவவரம் பேரம் பேசவில்லை.
பதினோரு நோட்டுகளை
ரேஷன் பையிலிருந்து எடுத்து
என் கீபோர்டு பக்கத்தில் அடுக்கினார்.
"எங்க ஐயர் எழுதினது. பிரஸ்பிட்டேரியன் சபை.
சிவப்புக் கோடு போட்டதை விட்டுடும்மா.
தியானம் மட்டும் போதும்."

எனக்குத் தெரிந்த ஐயர்
கோயில் தெருவில் பஞ்சாங்கம் பார்க்கிறவர்.
இவர் வேறு.
யோபு ஞானாபரணம், தண்டையார்பேட்டை.
மொபெட், வெள்ளைச் சட்டை, சர்க்கரை வியாதி.
சிவப்புக் கோட்டுக்கு அடியிலிருந்துதான்
இவ்வளவும் தெரிந்தது.

ஒவ்வொரு தியானத்துக்கும் தலையில் தேதி,
அதன் கீழே 'கேட்' என்று ஒரு சொல்.
முதல் நோட்டு முடியும்வரை
பரலோக வாசல் என்றே நினைத்து அடித்துக்கொண்டிருந்தேன்.
பிறகு ஒரு நாள்:
'கேட். நாற்பது நிமிஷம். மணலி டேங்கர்.
எண்ணிக்கொண்டே நின்றேன், நாற்பத்தெட்டு.'
அட, நம்ம கொருக்குப்பேட்டை கேட்.

சரக்கு வண்டி ஊர்கிற நேரத்தில்
மொபெட் சீட்டில் நோட்டை வைத்து எழுதியிருக்கிறார்.
கிருபையைப் பற்றி அரைப் பக்கம்,
நடுவில் மீன்கூடை இடித்து
பேனா இழுத்துக்கொண்டு போன கோடு.
யார் கரையேறுவார் என்று
உலகம் உண்டாகும் முன்னமே குறித்தாகிவிட்டது
என்கிற உபதேசத்தைப் பற்றி
மூன்று நாள் எழுதி, நான்காம் நாள்:
'கம்பிக்கு அடியில் குனிந்து போகிறார்கள்.
ஆட்டோவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி.
கேட் கீப்பரிடம் கெஞ்சினேன். திறக்கவில்லை.
இன்று உபதேசம் எழுத முடியாது.'
சிவப்புக் கோடு.

'ஸ்டான்லி, ஆண்கள் வார்டு. செல்வினின் அப்பா.
ஜெபிக்கச் சொன்னார்கள். முதலில் நகம் வெட்டிவிட்டேன்.'
சிவப்புக் கோடு.

'காசிமேடு கல்லறை. ஆறு வயசு.
நம் சபையார் இல்லை. பிரசங்கம் எழுதிக்கொண்டு போனேன்.
தகப்பன் முகத்தைப் பார்த்து
பையிலேயே வைத்துக்கொண்டேன்.
மண் தள்ளினேன். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.
நான் குடித்தேன்.'
இதற்கு இரண்டு கோடு.
கடைசி வரிக்கு மட்டும் மூன்று.

கோடு படாத பக்கங்களும் நிறைய.
வசனம், விளக்கம், ஜெபம், ஆமென்.
விரல் தானாக ஓடும்.
ஒரே மதியத்தில் நாற்பது பக்கம் அடித்தேன்,
ஒன்றும் ஞாபகமில்லை.

ஏழாவது நோட்டில் வெள்ளம் புகுந்திருக்கிறது.
'ஆண்டவரே, நீர் தந்த வ'
அதற்குப் பின்னால் மை கரைந்து
ழியா லியா தெரியவில்லை.
போன் போட்டேன்.
"வழிதாம்மா, இதுல என்ன சந்தேகம்."
முன்னும் பின்னும் நாலு வரி படித்தேன்.
மனைவிக்கு டயாலிசிஸ், புதன், சனி.
எங்கள் பக்கம் வாயால் சொன்னால்
இரண்டுக்கும் ஒரே சத்தம்.
அடிக்கும்போதுதான்
ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.
மூப்பர் சொன்னதையே அடித்தேன்,
சம்பளம் தருகிறவர்.
இரவு படுத்த பிறகும்
அந்த இடத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

இன்று புரூஃப் கொண்டுபோகிறேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் தியானம்.
கோடு போட்டதையெல்லாம் அடித்துத்
தனியாக ஒரு கட்டு.
அதற்குப் பில் போடவில்லை. மூப்பர் திட்டலாம்.
நான் சர்ச்சுக்குப் போனதில்லை,
போவதாகவும் இல்லை.

கேட் போட்டுவிட்டான்.
முன்னால் தண்ணி லாரி, பின்னால் ஸ்கூல் வேன்.
எவனோ ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டேனென்கிறான்.
டேங்கர் வருகிறது.
இருபத்தொன்று, இருபத்திரண்டு.
பக்கத்து ஆட்டோவில் யாரென்று
திரும்பிப் பார்க்கிறேன்.