மூன்று மீற்றர்

தலவாக்கலையில்
மருந்துக்கடை ஷட்டரை இறக்கிவிட்டு
போனில் என் பெட்டியைத் திறப்பேன்.
பெட்டி என்பது வரைபடத்தின் மேல்
நானே கீறிய ஒரு செவ்வகம்.
மேலே பைன் காடு, கீழே ரயில் பாதை,
நடுவில் ஏழு தோட்டம், இரண்டு கோயில்,
டாக்டர் வராத ஓர் ஆஸ்பத்திரி.
அதற்குள் யார் எதைத் தொட்டாலும்
எனக்கு ஒரு வரி வரும்.

இந்த வேலைக்கு யாரும் என்னை வைக்கவில்லை.
செக்ரோலில் பேர் கிடையாது.

வருவதெல்லாம் பெரும்பாலும் சில்லறை.
ஜெர்மனியில் ஒருவர் எங்கள் லயங்களைக்
கூரை கூரையாய் எண்ணி
கட்டடம், கட்டடம், கட்டடம் என்று
நிரப்பிவிட்டுத் தூங்கப் போவார்.
கொழும்புப் பிள்ளையொன்று
தேயிலை மலையைப் புல்வெளி என்று போட்டது.
மாற்றினேன், திட்டவில்லை.
பணிய டிவிஷன் குறுக்குப் பாதையைத்
தனியார் வழி ஆக்கியவர் யாரென்று தெரியும்.
இங்கே சொல்லமாட்டேன்.
மருந்து வாங்க என் கடைக்குத்தான் வருகிறார்.

ஆனி மழையில் ஒன்று வந்தது.
இரவு இரண்டு பத்து.
புதுக் கணக்கு, பேர்: தொங்கல்_9.
வெல்காடன் தோட்டத்து ஓடையை
மூன்று மீற்றர் கிழக்கே தள்ளியிருந்தது.
வேறெதையும் தொடவில்லை.

செயற்கைக்கோள் படத்தை விரித்துப் பார்த்தேன்.
பாதி முகில்.
மீதியில் ஓடை இருந்த இடத்திலேயே இருந்தது,
மூன்று வருடத்துக்கு முந்திய வெயிலில்.
திரும்ப வைத்தேன்.
"ஆதாரம் தரவும், நன்றி."

மறுநாள் இரண்டு இருபதுக்கு மறுபடி தள்ளியது.
மறுபடி இழுத்தேன்.
முகம் தெரியாத ஒருவரும் நானும்
ஆளுக்கொரு கரையில் நின்று
ஒரே தண்ணீரை
மூன்று இரவு இழுத்துக்கொண்டிருந்தோம்.

நாலாம் இரவு ஆதாரம் வந்தது:
"வாசலில் கழற்றி வைத்த செருப்பு.
காணோம்."

ஞாயிறு பஸ் ஏறி ஸ்டோரடியில் இறங்கி
காலுக்குச் சவர்க்காரம் பூசி
ஆறாம் நம்பர் மலையால் நடந்தேன்.
அப்படியும் இரண்டு அட்டை.

தொங்கல் காம்பரா.
யோகமலர், இடுப்பில் பிள்ளை.
"நீங்கதானா அது,
திருப்பித் திருப்பி வைக்கிற ஆளு?"
மேலே மண் இறங்கிக் கான் அடைபட்டு
ஓடை திசைமாறி
அவள் படிக்கட்டை நக்கிக்கொண்டு ஓடியது.
நாலு உரச்சாக்கில் மண் நிரப்பி
மறித்துப் பார்த்திருக்கிறார்கள்.
நாடாவால் அளந்தேன்.
மூன்று மீற்றர் நாற்பது.
அவள் பிழை நாற்பது சென்ரிமீற்றர்.
என் பிழையை அந்த நாடாவில் அளக்க முடியவில்லை.

"தொரைகிட்ட சொன்னோம்.
ஜீ.எஸ். ஐயாவுக்கு எழுதிக் குடுத்தோம்.
இதுல போட்டா உலகமே பாக்கும்னு
தம்பி சொன்னான்.
ராத்திரி ரெண்டு மணிக்கு மேலதான் இங்க சிக்னல் வரும்."

உலகம் என்று அவள் நினைத்தது
என்னை.

பிளேன்டீ தந்தாள். குடித்தேன்.
வேண்டாமென்று சொல்லும் தகுதி
அன்றைக்கு என்னிடம் இல்லை.

அங்கேயே நின்று
ஓடையை அவள் வைத்த இடத்தில் வைத்தேன்,
நாற்பது சென்ரிமீற்றர் கூட்டி.
சிக்னல் இல்லாமல்
பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் அது பதிவானது.
படம் எடுத்து, எழுத வேண்டிய இடங்களுக்கு எழுதினேன்.
"கிடைத்தது" என்று ஒரு பதில் உண்டு.

இப்போது என் செவ்வகத்துக்குள்
இன்னொரு செவ்வகம் கீறியிருக்கிறேன்.
ஒன்பது காம்பரா நீளம், ஒரு வாசல் அகலம்.
மழை பிடித்தால் அதைத்தான் பார்க்கிறேன்.
"மாற்றம் ஏதும் இல்லை" என்கிறது போன்.
ஓடை அசையவில்லை என்றும் அதை வாசிக்கலாம்.
டவருக்குக் கரண்ட் இல்லை என்றும் வாசிக்கலாம்.

ஷட்டரில் மழை அறைகிறது.
மணி ஒன்று ஐம்பது.