பக்கம் திறக்கும் முன்

எங்கள் ஊரில் @ என்ற குறிக்குச்
சுண்டெலி என்று பெயர்.
உருண்ட உடம்பு, அதைச் சுற்றி வந்த வால்.

நிரலில் ஒரு செயற்கூறின் தலைமேல்
சுண்டெலியை உட்காரவைத்து
பக்கத்தில் 'இனிட்' என்று எழுதுவேன்.
அவ்வளவுதான்.
பிறகு அதை நான் கூப்பிடுவதில்லை.
எந்த வரியும் கூப்பிடுவதில்லை.
யாரோ எங்கோ பக்கத்தைக் கேட்டதும்
சட்டகம் வந்து தேடுகிறது எலி எங்கே என்று.
இருக்கும் இடத்தில் முதலில் நுழைகிறது.

அப்போது பக்கம் இல்லை.
பொத்தான் இல்லை, பட்டியல் இல்லை,
பெயர் எழுதும் கட்டம் இல்லை.
கட்டத்தைத் தொடப்போனால்
கைக்கு ஒன்றும் அகப்படாது,
பிழைச்செய்தி மட்டும் அறுபது வரிக்கு நீளும்.
வேலைக்கு வந்த முதல் மாதம் முழுக்க
தொட்டுக்கொண்டே இருந்தேன்.
தொடுவதற்கென்று இன்னோர் எலி உண்டு,
எல்லாம் கட்டி முடித்தபின் வரும்.
இந்த எலிக்கு வேலை ஒன்றுதான்:
வருகிறவர் கண்ணில் படும்போது
கட்டங்கள் வெறுமையாய் இருக்கக்கூடாது.

ஹுவாலியென், வியாழன், இரவு பத்தே முக்கால்.
ஜன்னலுக்குக் கீழே பாக்குக் கடையின் பச்சை நியான்.
தேநீரில் வேகவைத்த முட்டையை
யூ-ஹெங் விசைப்பலகை மேலேயே உரிக்கிறான்.
குடும்பப் பதிவேட்டின் புதுப் படிவம்
காலை எட்டுக்கு அலுவலக முகப்பில் திறக்க வேண்டும்.
சோதிக்க ஓர் அடையாள எண் வேண்டியிருந்தது.
என்னுடையதையே தட்டினேன்.

பக்கம் வந்தது.
பெயர்: கூ யுவெ-சின்.

மூன்று வருஷத்துக்கு முன்
கையெழுத்துப் போட்டு, கட்டணம் கட்டி,
ஒப்புகைச் சீட்டு வாங்கி விட்டுவந்த பெயர்.
'கூ' எங்களுடையது அல்ல.
அம்மாவின் அப்பாவுக்கு
ஒரு மேசையில் ஓர் எழுத்தர் எழுதித் தந்தது.
அடுத்த மேசையில் நின்ற அவர் தம்பி
'ஹுவாங்' ஆகி வெளியே வந்தார்.
அண்ணன் தம்பி என்று பிறகு
ஆளாளுக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது.

என் வகுப்பு பழைய வகுப்பிலிருந்து பிறந்தது.
எலியின் பக்கத்தில் நானே குறித்திருக்கிறேன்:
மேல்வகுப்பையும் எழுப்பு, ஆம்.
அப்படிக் குறித்தால் தாய் முதலில் எழுவாள்,
கட்டத்துக்குரியதை எல்லாம் நிரப்புவாள்,
அதற்குப் பிறகுதான் என் முறை.
அதில் தவறில்லை. தவறு என் வரியில்:

பெயர் காலியாக இருந்தால் மட்டும்
புதுப் பெயரை இடு.

யார் எழுதியது இது என்று
வரலாற்றைப் புரட்டினேன்.
நான்தான். மார்ச் மாதம், மதியம்.
பிறர் வைத்ததைக் கலைக்காத
ஒரு நல்ல பிள்ளையின் 'இருந்தால்'.
காலியாக அது எப்போது இருந்தது?
எனக்கு முன்னாலேயே எழுந்து
நிரப்பிவிட்டுப் போய்விடுகிறார்களே.

அழித்தேன். ஒரு வரிதான்.

அந்த நேரம் பார்த்துத் தரை லேசாக ஆடியது,
இங்கே வாரத்துக்கு ஒன்று அப்படி.
யூ-ஹெங் திரையைப் பிடிக்கவில்லை, முட்டையைப் பிடித்தான்.
நியான் இரண்டு முறை இமைத்து நின்றது.
சேமித்தாயா என்றான்.
சேமித்தேன் என்றேன்.

மறுபடி அதே எண்.
மறுபடி பக்கமில்லாத அந்தக் கணம்,
திரை வெள்ளையாய்,
இருட்டில் எங்கோ எலி ஓடும் சத்தம்
கேட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

பெயர்: லிசின் பனா

லிசின் நான். பனாய் என் அம்மா.
அமிஸ் பெயரில் பிள்ளை முன்னால் நிற்கும்,
தாய் பின்னால் வருவாள்,
நிரலுக்கு நேர்மாறு.
அவளுடைய கடைசி எழுத்து
கட்டத்துக்குள் வரவில்லை.
ஹான் எழுத்து மூன்றுக்கென்று
யாரோ அளந்து வைத்த அகலம் அது.

எட்டிப் பார்த்த யூ-ஹெங் சொன்னான்,
இங்கிருந்து அதைத் தொட முடியாதே.

தெரியும்.
இன்னோர் எலி வேண்டும்.
மணி பதினொன்றே கால்.
முட்டையில் பாதியை நீட்டினான், வாங்கிக்கொண்டேன்.