மொத்த நஷ்டம்

திருமங்கலம் தாண்டி, நின்றிருந்த லாரியின் முதுகில்
மூக்கைக் கொடுத்த முட்டை வண்டி.
முன்பக்கம் மிதிபட்ட தகரடப்பா.
ரேடியேட்டர் மடிக்கு வந்திருந்தது.
ஓட்டுநர் சடையாண்டி, தோள்பட்டை முறிவு,
பெரியாஸ்பத்திரியில் முப்பத்தோராம் படுக்கை.
நான் இன்சூரன்ஸ் சர்வேயர்.
குனிந்து பார்த்தேன், நிமிர்ந்து எழுதினேன்:
மொத்த நஷ்டம்.

எழுதாமல் விட்டது ஒன்று உண்டு.
பின்கதவைத் திறந்தால்
கடைசி வரிசையில் மூன்று தட்டு,
தொண்ணூறு முட்டை,
ஒன்றில்கூடக் கீறல் இல்லை.
அந்தப் பின்னச்சை அன்றே பார்த்து வைத்தேன்,
பெண் பார்க்கப் போன வீட்டில்
தங்கையைப் பார்த்தவன் மாதிரி,
கொஞ்சம் குற்றத்தோடு.

புதூர் தொழிற்பேட்டையில்
சிக்கந்தரின் வெல்டிங் பட்டறை ஓரம்
எனக்கொரு வண்டி வளர்கிறது.
ஃபைபர் உடம்பு, இரண்டே இருக்கை, கூரை கிடையாது.
ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் பத்மினி.
அதன் பட்டை ஸ்பிரிங்
மேடு பள்ளம் எதையும் மறைக்காது;
எழுத்துப் பிசகாமல் என் தண்டுவடத்துக்குச் சொல்லிவிடும்.
வளைவில் மேடு வந்தாலோ
வால் தனியே துள்ளி அடுத்த தடத்தில் விழும்.

கிளெய்ம் முடிந்து, ஏலம் முடிந்து,
காயலான் கடையில் நாலு மாதம் ஆறட்டும் என்று விட்டு,
ஆள் அனுப்பி வாங்கினேன், ஆறாயிரம்.
டீசல் ஊற்றிக் கழுவும்போது சிக்கந்தர் சொன்னார்:
"கிரீஸுன்னு நெனச்சேன் மேடம்.
மஞ்சக்கரு."

மூன்று ஞாயிறு போயிற்று.
நீளவாக்கில் இரண்டு கை, குறுக்கே ஒரு தடி.
அந்தத் தடி இல்லையென்றால்
அச்சு இடமும் வலமும் ஊர்வலம் போகும்.
புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்டி
லேத்தில் சுற்றவிட்டு ஆட்டம் பார்த்தோம்.
சக்கரம் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம்
வெளியே நின்றது,
குட்டையாய்த் தைத்த சட்டையில் மணிக்கட்டு.
ஃபைபரை அறுத்தேன். இரவெல்லாம் கை அரித்தது.
முட்டை சுமந்த சுருள் ஸ்பிரிங்கோ
அரை டன் பார்த்த ஆள்,
என் இரண்டு இருக்கையை மதிக்கவே இல்லை.
மெல்லிய கம்பியில் வேறு ஜோடி சுற்ற வேண்டியதாயிற்று.

கழற்றிய பட்டைகளைத் திருப்பாச்சேத்திக்காரர்
கிலோக் கணக்கில் கேட்டார்.
அரிவாளாகும்.
வாழைத்தாருக்குத்தானே என்றேன்.
எடை போட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

நாலாம் ஞாயிறு விடியலில் அழகர்கோவில் சாலை.
பக்கத்து இருக்கையில்
கைக்குட்டை வளையத்துக்குள் ஒரு முட்டை.
சிக்கந்தர் ஏறவில்லை.
"மொதல்ல அது போயிட்டு வரட்டும்."

முதல் வேகத்தடையில் பழக்கதோஷம், பல்லைக் கடித்தேன்.
கடிக்க ஒன்றும் வரவில்லை.
பின்னால் யாரோ மூச்சை இழுத்து
மெல்ல விட்டதுபோல், அவ்வளவுதான்.
எழுபதுக்கு மேல் எஞ்சின் கத்துகிறது;
முட்டை வண்டிப் பல்சக்கரத்துக்கு அவசரம் தெரியாது.
அப்பன்திருப்பதி வளைவின் நடுவில் அந்த மேடு.
வால் துள்ளவில்லை.
முட்டை பாதி உருண்டு, யோசித்து,
இடத்துக்குத் திரும்பியது.

சடையாண்டி ஞாபகம் வந்தார்.
வாக்குமூலத்தில், வேகம் என்ற கட்டத்தில்
"முட்டை வேகம்" என்று எழுதியிருந்தார்.
அடித்துவிட்டு, நாற்பது என்று போட்டேன் நான்.

பட்டறையில் நிறுத்தியதும்
சிக்கந்தர் டார்ச்சோடு அடியில் நுழைந்து
வெல்டு வெல்டாக விரலால் தடவினார்.
எங்கும் விரிசல் இல்லை, எங்கும்.
நான் இறங்கி, பாட்டுக்குக் கைப்பையை
இருக்கையில் போட்டேன்.

"என்ன மேடம் சத்தம்?"
"ஒண்ணுமில்ல."