பதினேழாம் இலக்கம்

றமீஸின் லான்ட்மாஸ்ரரில்
தகரத்துக்கும் கம்பிக்கட்டுக்கும் நடுவே
கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது.
"ஏழு கிலோ அக்கா. உள்ளுக்குச் செம்பு இருக்கு,
அதுக்குத் தனி விலை."
செம்பு என்றதும் பேரம் பேச மறந்தேன்.
வயரை எரித்து எடுத்தார்கள்,
கிணற்று மோட்டரை உடைத்து எடுத்தார்கள்,
டைனமோ சுற்ற ஒருமுறை, வெறும் காசுக்கு ஒருமுறை.
இதை மட்டும் எந்தக் கை
தொடாமல் விட்டது?

ஒட்டுசுட்டானில் இது கச்சான் வீசும் காலம்.
கூரைத் தகரம் இரவெல்லாம் கதைக்கிறது.
"காத்துக்கு இஞ்சை என்ன குறை?"
வேலிக்கு அங்கால் நின்று கேட்கிறாள் தவநிதி.
ஒரு குறையுமில்லை.
பிறகேன் என்று அவள் கேட்கையில்
என் வாயில் மூன்று திருகாணிகள்.

முதலில் மண்ணெண்ணெய், ஓர் இரவு முழுக்க.
கழற்றியவை எல்லாம் முட்டை மட்டையில்
அதனதன் குழியில்.
பின்மூடிக்குள் குளவி கட்டிய மண்வீடு,
அதற்குள் காய்ந்த சிலந்திகள்.
எண்ணெய் உறிஞ்சும் கம்பளித் துண்டு கல்லாகியிருந்தது;
நுவரெலியாச் சுற்றுலாவில் வாங்கிய தொப்பியின்
விளிம்பை வெட்டி வைத்தேன்.
அது அங்கேயும் ஒருநாள்தான் போட்டது.
புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கத் தேய்க்க
மூன்றாம் நாள்தான் இதழ் நாலும்
பித்தளை என்று ஒத்துக்கொண்டன.

சுருள்களில் ஒன்று கருகியிருந்தது.
நானூற்றிருபது சுற்று.
முந்நூற்றுப் பதினொன்றில்
படலையில் மணியடித்தான் தபால்காரன்.
கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து குந்தினேன்.
முந்நூற்றுப் பதினொன்றா,
முந்நூற்றொன்றா?
அவிழ்த்தேன்.
ஒன்று.

அடித்தட்டைச் சுரண்டும்போது
பச்சைக்குக் கீழே வெள்ளை எழுத்து வந்தது:
ப.நோ.கூ.ச. 17.

கையை எடுத்துவிட்டேன்.
எங்கள் சங்கம்.
பன்னிரண்டு வருடமாக நான் கணக்கெழுதும் சங்கம்.
பழைய பதிவேடு எரிந்தபின்
முகாமையாளர் ஒருவர் நினைவிலிருந்து எழுதிய பட்டியல்
என் மேசையில்தான் இருக்கிறது:
தராசு ஆறு, இரும்பலுமாரி நாலு,
மண்ணெண்ணெய்ப் பம்பி இரண்டு,
காற்றாடி, இலக்கம் பதினொன்று முதல் பத்தொன்பது வரை.
பதிவழிக்க அனுமதி கேட்டுப் போன கடிதத்துக்கு
இன்னும் பதில் வரவில்லை.
ஆகையால் மார்கழி முப்பத்தொன்றில்
சிவப்புப் பேனையால் வரிக்கு வரி எழுதுகிறேன்:
இல்லை. இல்லை. இல்லை.

"பேசாமல் முழுக்கச் சுரண்டுங்கோ" என்றான் கேதீஸ்.
"குடுத்தால் களஞ்சியத்திலை போடுவினம்,
உரச்சாக்குக்குக் கீழை."
உண்மைதான்.
காசு கொடுத்ததும் நான்,
நானூற்றிருபதை இரண்டு தரம் எண்ணியதும் நான்.
பன்னிரண்டு தரம் இதை
இல்லையென்று எழுதியதும் நான்தான்.

முதல் மின்சாரத்தை நேரே கொடுப்பதில்லை.
இடையில் ஒரு பல்ப் தொடுக்க வேண்டும்.
அது பளீரென்று எரிந்தால் உள்ளே பிழை.
செருப்பைப் போட்டுக்கொண்டு
சுவிட்சைத் தட்டி
ஓரடி பின்னால் வந்தேன்.
பல்ப் மங்கலாக எரிந்தது.
இதழ்கள் கொஞ்சம் யோசித்தன.
பிறகு கால்வட்டம்,
பிறகு எண்ண முடியாத வட்டம்.
மேசையிலிருந்த மின்கட்டணத் துண்டு
எழும்பி அடுப்படிக்குப் போனது.

தலை திருப்பும் சக்கரத்தில் ஒரு பல் இல்லை.
வலத்திலிருந்து ஒழுங்காக வருகிறது;
இடப்பக்கம் ஒரு டக், ஒரு தயக்கம்,
கதவடியில் யாரோ கூப்பிட்டதுபோல.
முல்லைத்தீவில் பல் வைத்து அராவ ஆள் இருக்காம்.
பார்ப்போம்.

அடித்தட்டுக்குப் புதுப் பச்சை அடித்தாயிற்று.
இலக்கத்தைச் சுற்றி மட்டும்
மெல்லிய தூரிகையால், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

மார்கழிக்கு இன்னும் நாலு மாதம் கிடக்கிறது.
சிவப்புப் பேனைக்குப் பக்கத்தில்
இப்போது ஒரு பென்சிலும் வைத்திருக்கிறேன்.