மூன்று புரி

நைட் ஷிஃப்ட் முடிந்து நான் படியேற
நர்மதா இறங்குகிறாள்.
பாதிப் படியில் கைமாறுகிறது சீப்பு.
ஏழே காலுக்கு வேன்.

சர்வர் ரூமில் ராத்திரி மூன்று மணிக்கு
நீலம், மஞ்சள், சாம்பல்
மூன்று கேபிள் எடுத்துப் பின்னிப் பழகியவன்தான் நான்.
கேபிள் 'ஆ'வென்று கத்தாது.
கேபிளுக்குத் தும்மல் வராது.
பாதியில் எழுந்தோடி
தம்பி வாயிலிருந்து ரப்பர் பேண்டைப் பிடுங்காது.

மெட்ரோ வேலைக்கு வெட்டிப்போட்ட
ரிங் ரோடு மாதிரி
வகிடு காதுப்பக்கம் திரும்பிவிட்டது.
"நேரா இருக்காப்பா?"
"இருக்கு."
பொய் சொல்லக் கூடாதென்று
நேற்றுதான் அவளை அதட்டினேன்.

வேன் படியில் ரத்னம்மா சிரிக்கிறார்:
"ஜடை யாரு ஹாக்கித்து?"
நிறைமதி நிமிர்ந்து சொல்கிறாள்:
"நம்மப்பா!"

கன்னடத்தில் அதற்கு
எங்கப்பா என்றுதான் அர்த்தம்.
தமிழ்க் காதில் விழுந்ததில்
ரத்னம்மாவுக்கும் டிரைவருக்கும்
ஜன்னலோரம் தூங்கி வழியும்
பத்துப் பிள்ளைகளுக்கும்
அப்பாவாகி நிற்கிறேன்
இடுப்பில் சின்னவனோடு,
கழுத்தில் இன்னும் ஆபீஸ் அடையாள அட்டையோடு.

வேன் திரும்பும்போதுதான் பார்த்தேன்.
ஒரு புரி வெளியே தொங்குகிறது.

லஞ்ச் பெல் வரை தாங்கும்.